பட்டறைத் திண்ணை: காட்டுப் பந்தயத்துக்குக் குவாட்

போன மாதம் இந்தப் பகுதியில் குவாட் என்கிற, பைக் மாதிரி ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் நான்கு சக்கரப் பந்தய வண்டியைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். டிராக்டர் கிளட்ச், புல்லட்டில் ஆயில் கசிவு என்று வழக்கமாக வரும் கடிதங்களை ஓரங்கட்டிவிட்டுக் குவாட் கேள்விகளாகவே வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த இதழ் அதற்கே. டிராக்டர்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்.

அண்ணே, பழைய யமஹா ஒய்.எஃப்.இசட். 450ஆர் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்னால் வைத்திருந்தவர் மோட்டோகிராஸ் தடத்தில் ஓட்டியவர். எனக்கு இரண்டு மணி நேர கிராஸ் கன்ட்ரி போட்டிதான் ஆசை. கையில் இருப்பது கொஞ்சப் பணம். பெரிய பிஸ்டனும் புது சைலன்சரும் முதலில் போட்டுவிடலாமா?
– இளைஞர் ஒருவர், தேவகோட்டை

வேண்டாம் தம்பி. அந்த எஞ்சின் 449 சிசி. பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றி நிறுத்தினால் வண்டி 184 கிலோ சொச்சம். இந்த எடைக்கு அந்தச் சக்தி தாராளம். இன்னும் ஏற்றினால் அது உங்கள் முழங்கையைத்தான் பதம் பார்க்கும்.

மோட்டோகிராஸ் என்பது பதினைந்து, இருபது நிமிட வேலை. அகலமான தடம், எந்த மேட்டில் தாவுவோம் என்று முன்பே தெரியும். கிராஸ் கன்ட்ரி அப்படியில்லை. அமெரிக்காவில் நடக்கும் ஜி.என்.சி.சி. தொடரில் குவாட்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரப் பந்தயம், ஒரு சுற்றே பத்து மைல் அளவில் இருக்கும். மரத்துக்கு மரம் நடுவே, வேர் மேலே, ஓடைக்குள்ளே. எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும், கொடி அசைந்ததும் ஸ்டார்ட் செய்து கிளம்ப வேண்டும். முதல் அரை மணி நேரம் எல்லோரும் வீரர்கள்தான். இரண்டாவது மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்து, முன்கை கல்லாக இறுகி, கிளட்ச் லீவரைப் பிடிக்க விரல் மறுக்கும். அந்த நேரத்தில் உங்களைச் சோதிக்காத வண்டிதான் நல்ல வண்டி. நான் எந்தக் குவாட்டைக் கையில் எடுத்தாலும் அந்த இரண்டாவது மணி நேரத்தை நினைத்துத்தான் ஸ்பேனரைத் தொடுவேன்.

யமஹாவே என்ன செய்தது என்று பாருங்கள். 2010ல் இதே வண்டியைக் காட்டுப் பந்தயத்துக்கென்று 450எக்ஸ் என்ற பெயரில் விட்டது. எஞ்சினைப் பெரிதாக்கவில்லை. 1,240 மி.மீ. அகலத்தை 1,170க்குக் குறைத்தார்கள். ஏழு சென்டிமீட்டர்தான், ஆனால் இரண்டு மரங்களுக்கு நடுவே நுழையும்போது அதுதான் உயிர். குறைத்தால் வளைவில் கவிழ்கிற பயம் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே உங்கள் வண்டியில் முந்தைய ஆள் இன்னும் அகலமான ஏ-ஆர்ம் (முன் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) மாட்டியிருந்தால் அதைக் கழற்றிக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவாருங்கள், முதலில் அது போதும். ஏ-ஆர்மை மாற்றினால் ஷாக்கின் நீளம், சக்கரத்தைத் திருப்பும் டை ராடு, பிரேக் ஹோஸ் மூன்றும் அதற்குப் பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை இழுத்துக் கட்டி ஓட்டுகிற வேலை வேண்டாம்.

பணத்தை எங்கே போடுவது? பழைய வண்டி என்பதால் முதலில் தேய்ந்ததைப் பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங் போயிருக்கும். பின்னால் ஸ்விங்ஆர்ம் பேரிங், ஆக்சில் கேரியர் பேரிங், ஆக்சில் நட்டு. ஆக்சில் நட்டு கழன்று பாதியில் நின்ற வண்டிகள் ஏராளம். இதெல்லாம் முடிந்தபின் டயர், ஷாக் சர்வீஸ், அடியில் ஸ்கிட் பிளேட், பக்கத்தில் கால் சக்கரத்தில் சிக்காமல் காக்கும் நெர்ஃப் பார், கைக்கு ஹேண்ட் கார்டு. ஸ்டீயரிங் டேம்பருக்கு மட்டும் கடன் வாங்கினாலும் தகும் என்பேன். முன் சக்கரம் ஒரு அடிக்கட்டையில் மோதினால் அந்த அடி நேராக ஹேண்டில்பாருக்கு வந்து மணிக்கட்டை முறுக்கும். டேம்பர் அதைப் பாதியில் விழுங்கிவிடும்.

நம் பக்கத்தில் இது ரொம்ப முக்கியம். தைலந்தோப்பில் மரம் நேர் வரிசையில் நிற்கும், பார்த்தால் விமான ஓடுதளம் மாதிரி இருக்கும், வேகம் எடுக்கத் தோன்றும். ஆனால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்குப் பதுங்கியிருக்கும். அது ஏ-ஆர்மை மடக்கிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஸ்கிட் பிளேட்டில் அலுமினியம் நல்லதா, கெட்டி பிளாஸ்டிக் நல்லதா என்று கேட்பீர்கள். கட்டை நிறைந்த இடத்துக்குப் பிளாஸ்டிக். வழுக்கிக்கொண்டு போய்விடும், அடிபட்டாலும் நெளிந்து நிற்காது. பின்பக்கத் தகடு பிரேக் டிஸ்க்கையும் ஸ்ப்ராக்கெட்டையும் மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சைலன்சரைப் பற்றி ஒரு வார்த்தை. எதை மாட்டினாலும் பொறியை வெளியே விடாமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்க வேண்டும். கோடையில் தைலச் சருகில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

ஒவ்வொரு முறை பயிற்சிக்குப் போனாலும் பஞ்சர். எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல முள். டயரை மாற்றி மாற்றிச் சலித்துவிட்டது. வழி உண்டா?
– வாசகர், குன்றக்குடி

முழு வழி கிடையாது, பாதி வழி உண்டு.

சீமைக் கருவேல முள் இரண்டு அங்குலம் வரைக்கும் நீளும். காய்ந்த முள் பச்சை முள்ளைவிட மோசம். மோட்டோகிராஸ் டயர்களில் பல 2 பிளை (பிளை என்பது டயரின் அடுக்குக் கணக்கு). இலகுவாக இருக்கும், பக்கச் சுவரை நகத்தால் அழுத்தினாலே உள்ளே போகும். காட்டுப் பந்தயத்துக்கு 6 பிளை ரேட்டிங் உள்ளது வேண்டும். முன்னால் 21 அல்லது 22 அங்குல உயரம், 7 அகலம், 10 அங்குல ரிம். பின்னால் 20 உயரம், 10 அல்லது 11 அகலம், 9 அங்குல ரிம். எடை கூடும், ஷாக்கை அதற்கேற்பத் திருத்த வேண்டிவரும். அந்த எடையைச் சுமப்பது பாதி வழியில் தள்ளிக்கொண்டு வருவதைவிட மேல்.

அப்புறம் காற்று. இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பஞ்சர் கடையில் போய் ‘காத்து அடிங்க’ என்றால் கடைக்காரர் பைக்குக்கு அடிக்கிற பழக்கத்தில் 25, 30 என்று ஏற்றிவிடுவார். குவாட் டயர் ஓடுவது 4 முதல் 7 பி.எஸ்.ஐ.யில். கடையில் தொங்கும் கேஜில் அந்த இடத்தில் முள்ளே அசையாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் இருக்கிறது, ஒன்று வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு சைக்கிள் பம்பே போதும். நம் சரளை மேட்டுக்கு முன்னால் 6, பின்னால் 5 என்று தொடங்கி அரை அரையாக மாற்றிப் பாருங்கள். ரிம்மில் அடி விழுந்த தடம் தெரிந்தால் ஏற்றுங்கள். வண்டி பந்து மாதிரி எகிறினால் இறக்குங்கள்.

வால்வைக் கழற்றி உள்ளே ஊற்றும் சீலன்ட் சின்ன முள்ளுக்கு வேலை செய்யும். குத்திய முள்ளை அங்கேயே பிடுங்காதீர்கள், பல நேரம் முள்ளே அடைப்பாக நிற்கும். வீட்டுக்கு வந்து கழுவியபின் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் குறடு கொண்டு பிடுங்கிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், நுரை வருகிற இடத்தில் ஸ்ட்ரிப் போடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஸ்ட்ரிப்பை நம்பிப் பந்தயத்துக்குப் போக வேண்டாம். வெளிநாட்டில் டயருக்குள் சின்னச் சின்னக் காற்றுப் பந்துகளை அடுக்கிவிடுகிறார்கள், ஒன்று குத்துப்பட்டாலும் மற்றது தாங்கும். நன்றாகத்தான் இருக்கிறது. விலையைக் கேட்டால் நமக்குக் காற்று இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் அரிசி ஆலை. தவிட்டுத் தூசியில் வளர்ந்தவன் நான். ஆனால் செம்மண் புழுதியில் என் குவாட் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. தள்ளினால் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி புதுசு.
– ஆலைக்காரர், புதுவயல்

ஐயா, வால்வு இடைவெளியை அளந்து பார்த்தீர்களா? 450 பந்தயக் குவாட்கள் பலவற்றில் இன்டேக் வால்வு டைட்டானியம். மேலே மெல்லிய கெட்டிப் பூச்சு இருக்கும். புழுதி உள்ளே போனால் அந்தப் பூச்சு தேய்ந்து, வால்வு தன் இருக்கைக்குள் மேலே ஏறும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் நிற்காது. குளிர்ந்த எஞ்சின் எடுக்க மறுப்பது அதன் முதல் அறிகுறி. இடைவெளியைத் திருத்தும் ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்றி ஒருமுறை சரிசெய்யலாம். கொஞ்ச நாளில் மறுபடி குறைந்தால் வால்வையே மாற்ற வேண்டியதுதான், ஷிம்மோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

மூல காரணம் ஏர் ஃபில்டர். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் குவாட்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்குச் சேறுதான் எதிரி. சேறு கண்ணுக்குத் தெரியும், கழுவினால் போகும். நம்மூர்ச் செம்மண் மாவு மாதிரி அரைபட்டு எங்கே நுழைகிறது என்றே தெரியாது.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். ஸ்பாஞ்ச் ஃபில்டரை முதலில் மண்ணெண்ணெயில் அலசுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஒட்டுப் போட்ட ஓரம் பிரிந்துவிடும், தீ பயமும் உண்டு. துணி பிழிகிற மாதிரி முறுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், நிழலில் உலர்த்தல். சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் பிடிக்காது. காய்ந்தபின் ஃபில்டர் ஆயிலை ஊற்றி எல்லா இடமும் ஒரே நிறமாகும்வரை அமுக்குங்கள். வெள்ளைத் திட்டு எங்கே தெரிகிறதோ அங்கேதான் புழுதி வழி கண்டுபிடிக்கும். ஓர் இரவு விட்டால் மிச்ச எண்ணெய் வடியும். மாட்டும்போது ஏர்பாக்ஸில் உட்காரும் விளிம்பு முழுக்க கிரீஸ் தடவுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. வெள்ளைத் துணியை விரலில் சுற்றி இன்டேக் குழாயின் உட்புறம் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் கோடு விழுந்தால் ஃபில்டர் உட்காரும் இடத்தில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். எண்ணெய் போட்ட மூன்று நான்கு ஃபில்டர்களை பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போனால் பயிற்சி நாளில் மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்று சில பேர் சொல்வார்கள். மோட்டோகிராஸ்காரர் செய்யட்டும். நாம் மூடியை மூடியே வைப்போம், மேலே ஒரு துணியுறையும் போடுவோம்.

ரேடியேட்டரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்புல் விதையும் புழுதியும் சேர்ந்து அதை அடைக்கும். தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாக அடிக்க வேண்டும். வாட்டர் வாஷ் கடை அழுத்தத்தில் அடித்தால் இறகெல்லாம் மடங்கும், பேரிங்குக்குள்ளும் தண்ணீர் போகும்.

நாங்கள் கல்லூரியில் பாகா போட்டிக்கு (மாணவர்களே கரடுமுரடுத் தட வண்டி கட்டி ஓட்டுவது) வண்டி கட்டிய குழு. சஸ்பென்ஷன் கணக்கெல்லாம் ஓரளவு தெரியும். நண்பனின் குவாட்டைச் செட் செய்ய உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று புரியவில்லை. வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போகிறது.
– பொறியியல் மாணவர்கள், பள்ளத்தூர்

பாகாவில் நான்கு மணி நேர எண்ட்யூரன்ஸ் ஓட்டியிருப்பீர்கள், ஆகவே வண்டி எங்கே உடையும் என்பது தெரிந்திருக்கும். நல்லது. பந்தயக் குவாட்டின் பின் ஆக்சில் ஒரே கம்பி, டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஹேண்டிலைத் திருப்பினால் மட்டும் வண்டி திரும்பாது. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்து எடையை முன்னே கொண்டுவந்து, உடம்பை உட்பக்கம் சாய்த்து, ஆக்சிலரேட்டரைக் கொடுத்துப் பின்பக்கத்தைக் கொஞ்சம் வழுக்க வைக்க வேண்டும். நண்பர் காரோட்டியாக இருந்தால் இது பழக நாளாகும்.

இதற்குப் பிறகும் நேராகப் போனால் செட்டிங்கைப் பார்க்கலாம். தொடங்க வேண்டியது சேக். வண்டியைத் தூக்கி நான்கு சக்கரமும் தொங்கும்படி ஸ்டாண்டில் வையுங்கள். ஆக்சில் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு டேப் ஒட்டி, இடைத் தூரத்தை அளங்கள். பிறகு இறக்கி, ஓட்டுகிறவர் ஹெல்மெட், பூட்ஸ், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறட்டும். பெட்ரோல் பாதி இருக்கட்டும். இரண்டு தடவை அமுக்கிக் குலுக்கிவிட்டு மறுபடி அளங்கள். வித்தியாசம்தான் சேக். மொத்த டிராவலில், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகிற முழுத் தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு அளவு இறங்கியிருக்க வேண்டும். முன்பக்கம் 250 மி.மீ. டிராவல் என்றால் 80க்கு அக்கம்பக்கம். கூடவோ குறையவோ இருந்தால் ஸ்பிரிங் மேலுள்ள வளையத்தைத் திருகுங்கள். வளையத்தை எவ்வளவு திருகியும் வரவில்லை என்றால் ஸ்பிரிங் அவர் எடைக்கு ஏற்றதில்லை, மாற்ற வேண்டும். 55 கிலோ பையனும் 90 கிலோ ஆளும் ஒரே ஸ்பிரிங்கில் ஓட முடியாது.

அது முடிந்தபின்தான் கிளிக்கர், ஷாக்கின் வேகத்தைத் திருத்தும் திருகு. வலப்பக்கமாக மெதுவாக முழுதும் மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணி, சீட்டுக்கு அடியில் ஒரு டேப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வேரும் கல்லும் நிறைந்த தடத்துக்கு, ஷாக் சட்டென்று அமுங்குவதை எதிர்க்கும் வேகக் கம்ப்ரஷனைத் தளர்த்துங்கள். ரீபவுண்டில், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப எழுவதில், கவனம். ரொம்பக் கட்டிவிட்டால் அடுத்தடுத்த குழிகளுக்கு நடுவே ஷாக் மேலே வர நேரம் இருக்காது, வண்டி ஒவ்வொரு குழிக்கும் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் கல்லாக அடிக்கும். ஆள் ‘ஷாக் கெட்டியா இருக்கு’ என்று சொல்லி இன்னும் கம்ப்ரஷனைத் தளர்த்துவார். நோய் அதுவல்ல. ரீபவுண்டை இரண்டு கிளிக் திறந்து பாருங்கள். தளர்வு மிஞ்சினால் பின்பக்கம் கழுதை மாதிரி உதைக்கும், அப்போது ஒரு கிளிக் மூடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்தது டோ, அதாவது முன் சக்கரங்கள் இரண்டும் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவு. அதை அளப்பதற்கு லேசரெல்லாம் வேண்டாம். நான் கொத்தனார் நூலும் சுண்ணக்கட்டியும்தான் வைத்திருக்கிறேன். நான்கு டயரிலும் காற்று சமமாக இருக்கட்டும். ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கயிற்றால் இரு பக்கமும் கட்டுங்கள். சீட்டில் ஓட்டுநர் உட்கார வேண்டும். தனியாக வேலை செய்தால் அவர் எடைக்கு அரிசி மூட்டைகளை ஏற்றுங்கள், ஏனென்றால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டோவும் மாறும். இரண்டு முன் டயரின் முன்புறத்திலும், ஆக்சில் உயரத்தில், நடுப்பட்டையில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு அளங்கள். வண்டியை மெல்ல உருட்டி அந்தக் கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். முன் அளவு 3 முதல் 6 மி.மீ. வரை குறைவாக இருந்தால் சரி. இல்லையென்றால் இரண்டு டை ராடையும் ஒரே அளவு திருகி, லாக் நட்டை இறுக்கி, இன்னொரு முறை அளங்கள். உங்கள் வண்டி வளைவில் நேராகப் போவதற்கு இதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கண்மாய்க்குள் செயின் ஸ்ப்ராக்கெட் எந்த அளவு போட்டால் இழுவை கிடைக்கும்? எஞ்சின் அணைந்து அணைந்து போகிறது.
– வாசகர், திருப்பத்தூர்

முன்னால் 14 பல், பின்னால் 38 பல் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 13 ஆக்கினால் கிட்டத்தட்ட 8 சதவீதம் இழுவை கூடும், கிளட்ச் பிடிப்பது குறையும். பின்னால் மூன்று பல் கூட்டினாலும் அதே பலன்தான், ஆனால் முன் ஸ்ப்ராக்கெட்டின் விலை குறைவு. கச்சிதமாக 13க்குப் போய்விட்டால் செயின் வளைவு கூடுவதால் கொஞ்சம் சீக்கிரம் தேயும், பரவாயில்லை.

கண்மாய் என்று எழுதியிருக்கிறீர்கள், ஊரும் திருப்பத்தூர். வேட்டங்குடி பக்கத்துக் கண்மாயாக இருந்தால் தயவுசெய்து வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். அது பறவைகள் சரணாலயம். குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் ஊரில் 450 சிசி சத்தமா? மற்றக் கண்மாய் என்றாலும் கரை மேல் ஏற்றாதீர்கள். சக்கரம் கீறிய இடத்தில்தான் ஐப்பசி மழைக்கு உடைப்பு எடுக்கும், விவசாயி யார் வீட்டுக்கு வந்து நிற்பார் என்று யோசியுங்கள். சொந்தப் பொட்டல், அல்லது சம்மதம் கொடுத்த ஒருவரின் தோப்பு, அவ்வளவுதான். வனத்தோட்டக் கழகத்தின் தைலக் காட்டுக்குள் போவதானால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

என் பேரன் பெங்களூரில் படிக்கிறான், 12 வயது. லீவுக்கு வந்தவன் அவன் மாமாவின் பந்தய வண்டியை ஓட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அந்த வண்டியோ எங்கள் முகப்பில் நின்று ஆத்தங்குடிக் கல்லில் ஆயில் சொட்டுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள் தம்பி.
– ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

ஆச்சி, வண்டியைக் கொடுக்காதீர்கள். பெரியவர் குவாட்டின் மேலேயே 16 வயதுக்குக் கீழ் கூடாது என்று கம்பெனிக்காரன் எச்சரிக்கை ஒட்டியிருப்பான். பையனுக்கு என்று சின்ன எஞ்சின் போட்ட வண்டிகள் தனியே உண்டு, ஆக்சிலரேட்டரை எவ்வளவுதான் அழுத்தினாலும் பாதிக்கு மேல் போகாதபடி திருகாணி வைத்திருப்பார்கள். ஆரம்ப காலத்தில் இந்த வண்டிகள் மூன்று சக்கரத்தில் வந்தன. கவிழ்ந்து கவிழ்ந்து பிள்ளைகள் அடிபட்டதில் அமெரிக்காவில் வழக்கு நடந்து, 1988ல் புது மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்தினார்கள். நான்கு சக்கரமானாலும் கவிழாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மாமா பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்பார், அதற்கும் சம்மதிக்காதீர்கள். பந்தயக் குவாட் ஒருவர் ஓட்டுவதற்கு மட்டும்.

ஆயில் சொட்டு சிமென்ட் கல்லுக்குள் இறங்கினால் எடுப்பது கஷ்டம். இப்போதைக்கு மரத்தூளை மேலே போட்டு உறிஞ்ச விடுங்கள், தேய்க்க வேண்டாம். வண்டியை வெளியே கொட்டகையில் நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

டக்கார் பந்தயத்தில் குவாட்களை நிறுத்திவிட்டார்களாமே? அங்கே 700 சிசி ஓட்டினார்கள், நீங்கள் ஏன் 450 போதும் என்கிறீர்கள்?
– வாசகர், காரைக்குடி

ஆமாம், 2009லிருந்து தனிப் பிரிவாக இருந்தது, 2024க்குப் பிறகு கிடையாது. கலந்துகொள்ளும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அர்ஜென்டினாவின் பட்ரோநெல்லி சகோதரர்களும் சிலியின் கசாலேயும் யமஹா ராப்டர் 700ல் ஜெயித்தவர்கள். அங்கே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் திறந்த மணல் வெளி. நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடும் பெரிய எஞ்சின் வேண்டும். மரத்துக்கு நடுவே ஐந்து நொடிக்கு ஒரு முறை பிரேக்கும் ஆக்சிலரேட்டருமாக ஓடுகிற நமக்கு இலகுவான வண்டிதான்.

எங்கள் சித்தப்பாவின் ராஜ்தூத் 350 எஞ்சின் சும்மா கிடக்கிறது. அதைக் குவாட் சேஸியில் ஏற்றலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

யமஹா பான்ஷீ என்று 1987ல் ஒரு குவாட் வந்தது, அதே 347 சிசி இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் குடும்பம், தண்ணீரில் குளிரும் வகை. ராஜ்தூத் காற்றில் குளிர்வது. மெதுவாக மரத்துக்கு நடுவே புகுந்து போனால் காற்று எங்கே கிடைக்கும்? நம் வெயிலில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த எஞ்சினுக்கு அதன் சொந்த வண்டியையே தேடிக் கண்டுபிடியுங்கள், இன்றைக்கு அதற்குக் கிடைக்கும் மதிப்பு தெரியாமல் பேசுகிறீர்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வண்டியை எப்படிக் கொண்டுபோவது, காலையில் என்ன பார்ப்பது?
– வாசகர், கோவிலூர்

முதலில் உங்கள் போட்டியின் விதித்தாளை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகரித்த போட்டி என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். கில் சுவிட்ச் கயிறும் நெர்ஃப் பாரும் இல்லாமல் பல இடத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கயிறு மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும், விழுந்தால் எஞ்சின் அணைய வேண்டும். அதை நின்ற இடத்தில் இழுத்துப் பார்த்துச் சோதிக்காமல் கிளம்பக் கூடாது.

பெட்ரோல் கணக்கை யாரிடமும் கேட்காதீர்கள். பயிற்சியில் டேங்கை நிரப்பி, பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, எத்தனை லிட்டர் மறுபடி பிடிக்கிறது என்று பாருங்கள். அதில்தான் இடையில் எத்தனை முறை நிறுத்த வேண்டும் என்பது தெரியும். கிரிப் சுற்றிவராமல் இருக்க பசை போட்டு இரண்டு ஓரத்திலும் கம்பி கட்டுங்கள். செயின் தளர்வை ஆள் உட்கார்ந்த நிலையில் பாருங்கள், சும்மா நிற்கும்போது சரியாகத் தெரிவது உட்கார்ந்தபின் விறைத்துவிடும்.

ரோட்டில் ஓட்டிப் போக முடியாது, பதிவெண் கிடையாது. குட்டி யானை போதும். உள்ளே சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். 450ஆர் ஆறடிக்குள் அடங்கும். ஏற்றிக் கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு, பட்டையை முன்னால் ஏ-ஆர்மிலும் பின்னால் ஆக்சில் ஓரமாகவும் கட்டுங்கள். ஹேண்டில்பாரில் கட்டினால் போகிற வழியெல்லாம் ஷாக் ஏறி இறங்கிப் பட்டை தளரும். டேங்கைக் காலியாக வைத்து அங்கே போய் ஊற்றிக்கொள்ளுங்கள். திருச்சிப் பக்கம் போவதானால் திருமயம் கோட்டை தெரிகிற இடத்தில் ஒரு டீக்கு நிறுத்தி நாலு பட்டையையும் இழுத்துப் பாருங்கள். ஒன்றாவது ஒரு விரற்கடை தளர்ந்திருக்கும்.